அறத்தொடு நிற்கத் தவறும் தோழமை: இளையோர் மனச்சோர்வும் தமிழ் எடுத்துரைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வுற்ற இளையோர் உதவி நாடாமைக்கு நோயைப் பற்றிய அறியாமை மட்டுமே காரணமன்று. நோயைப் பிறரிடம் சொல்ல நேர்வதால் வரும் இளிவும் அவர்களைத் தடுக்கிறது. ஓர் இளம்பெண்ணின் மறைந்த துயரை அவளுடைய குடும்பம் ஏற்கும் மொழியில் வெளிப்படுத்தும் முறையைச் சங்க அகமரபு ‘அறத்தொடு நிற்றல்’ என்னும் துறையாக வளர்த்திருக்கிறது. அத்துறையில் தோழி ஏற்கும் பொறுப்பை அளவுகோலாகக் கொண்டு, ‘3’ திரைப்படம், ஆத்மாநாமை வாசிக்கும் முறை, கோபிகிருஷ்ணனின் புனைவு ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, இளிவரல், அலர், அறத்தொடு நிற்றல், குறிஞ்சிப்பாட்டு, கோபிகிருஷ்ணன்

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அழுகைக்கு அது கூறும் நான்கனுள் முதலாவது இளிவு. இவ்விரு நூற்பாக்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு தொடர்ச்சி புலப்படும். பிணியிலிருந்து இளிவரல் பிறக்கிறது. இளிவிலிருந்து அழுகை பிறக்கிறது. நோயுற்றவர் நோயால் ஒரு முறையும், நோயுற்றார் என்று அறியப்படுவதால் மற்றொரு முறையும் துன்புறுகிறார். மெய்ப்பாட்டியல் செய்யுள் சார்ந்த கோட்பாடேயன்றிச் சமூகவியல் விளக்கமன்று என்பது உண்மையே. எனினும் நோயையும் இகழ்ச்சியையும் ஒரே நூற்பாவில் பிணைத்துக் காணும் பார்வை அதில் இருக்கிறது.

மனநோய் தொடர்பான சமூக இகழ்ச்சியைக் குறிக்க இன்று ‘களங்கம்’ என்னும் சொல் பரவலாக ஆளப்படுகிறது. இச்சொல்லில் ஒரு குறை உண்டு. களங்கம் என்பது ஒருவர்மேல் படிந்திருக்கும் கறை. அதைத் துடைக்க வேண்டியவர் அவரே என்னும் எண்ணத்தை அச்சொல் தன்னுள் கொண்டிருக்கிறது. இளிவரல் அப்படியன்று. பிறர் பார்வையின் முன்னிலையில் எழும் உணர்வு அது. காண்போர் ஒருவர் இன்றி அது நிகழாது. எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட ‘ஸ்டிக்மா’ என்னும் நூலிலும் இகழ்ச்சியைத் தனிமனிதப் பண்பாகக் கொள்ளாமல் மனிதர்களுக்கிடையிலான உறவாகவே விளக்கினார். இகழ்ச்சிக்குரிய குறி ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டவர், வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி வாழ்பவர் என அவர் இரு நிலைகளைப் பிரித்தார். மனச்சோர்வுற்ற பெரும்பாலான இளையோர் இரண்டாம் நிலையில் உள்ளவர்கள். வகுப்பிற்கு வருகிறார்கள், சிரிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய ஆற்றலில் பெரும்பகுதி நோயைத் தாங்குவதில் அன்றி, நோய் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் செலவாகிறது.

காஃப்மன் பிரித்த இவ்விரு நிலைகளையும் தமிழ் அகமரபு ‘அம்பல்’, ‘அலர்’ என்னும் சொற்களால் அணுகியிருக்கிறது. இறையனார் களவியலின் உரை, அம்பலை அரும்பு நிலையாகவும் அலரைச் சொல்லாகவே வெளிப்பட்டுவிட்ட நிலையாகவும் வேறுபடுத்துகிறது. ஊரார் கண்ணால் பேசிக்கொள்வது முன்னது. வாயால் பேசுவது பின்னது. திருமண வயதில் பெண்ணோ பையனோ உள்ள இன்றைய குடும்பம் மனநல மருத்துவரின் பெயர்ப்பலகை உள்ள தெருவைத் தவிர்த்துச் செல்வது அலருக்கு அஞ்சியன்று; அம்பலுக்கே அஞ்சி.

சொல்லும் சோர்வும்

தமிழில் ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இரு வேறு பொருள்களைச் சுமக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவருக்கு ஏற்படும் நெருக்கடியும், பல வாரங்கள் நீடித்து உறக்கம், பசி, ஆர்வம், தன்மதிப்பு அனைத்தையும் குலைக்கும் நோயும் செய்தித்தாள்களில் இதே தொடரால் குறிக்கப்படுகின்றன. பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் கலைச்சொல் இருப்பினும் வழக்கில் அது முழுமையாக நிலைபெறவில்லை. இதன் விளைவு கலைச்சொல் விவாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. “எனக்கு மன அழுத்தம்” என்று ஒரு மாணவி சொன்னால், “யாருக்குத்தான் இல்லை?” என்னும் விடை ஆயத்தமாக இருக்கிறது. அவ்விடை கொடுமையானதன்று, சொல்லின் முதற்பொருளுக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் அவள் சொன்னது இரண்டாம் பொருளில்.

‘சோர்வு’ என்னும் சொல்லுக்கும் ஒரு சுமை உண்டு. திருக்குறளின் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய 60 முதல் 63 வரையிலான அதிகாரங்கள் பள்ளிச் சுவர்களிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் இளையோரை நோக்கித் திரும்பத் திரும்ப வைக்கப்படுகின்றன. அவற்றின் வழியே பழகிய காது, படுக்கையிலிருந்து எழ இயலாத ஒருவரை ‘மடி’ உடையவராகவே கேட்கிறது. இவ்வதிகாரங்கள் பொருட்பாலின் அரசியல் பகுதியில் அமைந்தவை என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நாட்டை ஆள்பவனிடம் வேண்டப்பட்ட ஊக்கம், நோயுற்ற 19 வயது மாணவனின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாக மாறுவது வள்ளுவர் செய்த தவறன்று; இடமறிந்து எடுத்தாளாதவர் செய்த தவறு. நோயின் அறிகுறியே இங்கு நோயாளியின் குற்றமாகிறது.

மறுமுனையில் ‘பித்து’ நிற்கிறது. சிவனையே பித்தன் என்று விளித்த சுந்தரரின் மரபில் பித்துக்கு உயர்ந்த இடம் உண்டு. அன்றாட வழக்கிலோ அதே பொருட்புலத்தைச் சேர்ந்த ‘பைத்தியம்’ வசைச்சொல். 1794இல் மனநோயர் காப்பகமாகத் தொடங்கிய நிறுவனத்தின் இன்றைய இடமான கீழ்ப்பாக்கம், திரைப்பட நகைச்சுவையில் ஓர் ஊர்ப்பெயராக இன்றி ஏளனமாகவே பயின்றுவந்திருக்கிறது. பித்துக்கு வழிபாடும் ஏளனமும் கிடைத்தன. சோர்வுக்கு அறிவுரை கிடைத்தது. மருத்துவம் தேவைப்படும் சாதாரண நோய் என்னும் நடுவிடம் மட்டும் இரண்டுக்குமே எளிதில் கிடைக்கவில்லை.

இளையோர் பலர் ‘டிப்ரஷன்’ என்னும் கடன்சொல்லை நாடுவதற்கு இதுவே காரணம் எனலாம். அச்சொல்லில் மடியும் இல்லை, பைத்தியமும் இல்லை. நண்பர் வட்டத்தில் அது அச்சமின்றிப் புழங்குகிறது. ஆனால் வீட்டு வாசலில் அது நின்றுவிடுகிறது. தாய்க்கும் பாட்டிக்கும் அச்சொல்லால் எதையும் உணர்த்திவிட முடிவதில்லை. இளையோருக்குள் தளர்ந்துவரும் இகழ்ச்சி தலைமுறைகளுக்கிடையில் தளராமல் இருப்பதற்கு மொழியும் ஒரு பங்களிக்கிறது.

குறிஞ்சிப்பாட்டுத் தோழியின் இரு அச்சங்கள்

தலைமுறைகளுக்கிடையில் இத்தகைய செய்தியைக் கடத்துவதற்கென ஒரு முழுநீளப் பாடலே தமிழில் உண்டு. 261 அடிகளைக் கொண்ட கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் செவிலியிடம் தோழி பேசும் பேச்சு. பாடம் நடத்துவோரும் தேர்வுக்குப் படிப்போரும் பெரும்பாலும் அதை 99 மலர்ப்பெயர்களின் பட்டியலாக நினைவில் கொள்கின்றனர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பட்டது என்னும் குறிப்பு அதற்கு அடுத்து நிற்கிறது. பாடல் தொடங்கும் சூழல் பின்தள்ளப்பட்டுவிடுகிறது.

சூழல் இதுதான். மகளின் மேனி வாடியிருக்கிறது. வளை நெகிழ்ந்ததும் தனிமையில் அவள் வருந்துவதும் ஊரார்க்கும் தெரிந்துவிட்டது. நோய் இன்னதென அறியாத தாய் குறி சொல்வோரைக் கேட்கிறாள், தெய்வங்களைப் பரவுகிறாள், கலங்குகிறாள். மகளோ தன் துயரை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாள். தோழி வற்புறுத்திக் கேட்ட பிறகே அவள் வாய் திறக்கிறாள். அதன்பின் தோழி செவிலியிடம் வருகிறாள். வந்தவள் தன் நிலையையும் மறைக்கவில்லை. போரிட முனைந்து நிற்கும் இரு பெருவேந்தர் நடுவே சந்து செய்யப் புகுந்த சான்றோரைப் போல இரு பெரிய அச்சங்களோடு தான் நிற்பதாகக் கூறுகிறாள். ஒருபுறம் தாயின் சினம். மறுபுறம் தலைவியின் அழிவு.

இவ்விரு அச்சங்களும் விடுதி அறையில் உடன் தங்கியிருக்கும் மாணவிக்கு அயலானவை அல்ல. சொன்னால் நட்பு முறியலாம். சொல்லாவிட்டால் தோழியையே இழக்கலாம். மனநல விழிப்புணர்வுக் கூட்டங்களில் அறிகுறிகளின் பட்டியல் விரிவாகத் தரப்படுகிறது. அறிகுறிகளைக் கண்டுகொண்ட நண்பர் அடுத்து யாரிடம், எந்தச் சொற்களில் பேசுவது என்பது அங்கு அரிதாகவே பேசப்படுகிறது. கபிலர் அந்த அடுத்த அடியைத்தான் 261 அடிகளில் விரித்திருக்கிறார்.

அறத்தொடு நிற்றலுக்குத் தொல்காப்பியம் ஏழு வகைகளைக் கூறுகிறது. எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு ஆகிய ஆறும் செய்தியைக் கேட்போர் தாங்கும்வண்ணம் தணித்தோ உயர்த்தியோ காரணம் காட்டியோ சொல்லும் முறைகள். உண்மையை உள்ளவாறே சொல்வது ஏழாவதாக, இறுதியில்தான் வருகிறது. வெளிப்படுத்தல் ஒரு கலை என்பதையும், கேட்பவரின் மனநிலையும் அதில் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பதையும் இவ்வரிசை உணர்த்துகிறது. உரிய காலம் வந்தாலன்றித் தோழி அறத்தொடு நில்லாள் என்றும் அந்நூல் வரையறுக்கிறது. மறைபொருளை ஊரெங்கும் பரப்புவதற்கு அலர் என்று பெயர். உரியவரிடம் உரிய காலத்தில் சொல்வதற்கு அறம் என்று பெயர். இரண்டும் வெளிப்படுத்தலே ஆயினும் மரபு இவற்றைக் குழப்பிக்கொள்ளவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஒட்டியே செல்கிறது. நோயர் குறித்த தகவல்களை மறைவாகக் காக்கும் உரிமையை அது வழங்குகிறது. உயிருக்கு நேரும் அச்சுறுத்தலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் மருத்துவத்துறையினருக்கு விலக்கு அளிக்கிறது. சட்டம் மருத்துவருக்கு வகுத்த இந்த எல்லையை நண்பருக்கு வகுத்துத் தர எவரும் இல்லை.

இங்கு நாணின் இடத்தையும் கருத வேண்டும். உயிரினும் நாண் சிறந்தது என்னும் தொல்காப்பியத் தொடர் பலமுறை எடுத்தாளப்படுவது. ஆனால் அந்நூற்பா அங்கே நிற்கவில்லை. நாணினும் கற்புச் சிறந்தது என மேலே செல்கிறது. கற்பு என்னும் விழுமியத்தின் பெண்ணொடுக்குக் கூறுகளை ஏற்க வேண்டியதில்லை. நாணுக்கும் மேலான ஒன்றின்பொருட்டு நாணைக் கடக்கலாம் என்னும் அமைப்பு மட்டும் இங்கு கவனத்திற்குரியது. தலைவி வாய் திறப்பதற்கு இலக்கணமே இசைவு தருகிறது.

காதல் நோயும் மனச்சோர்வும் ஒன்றல்ல என்னும் மறுப்பு எழக்கூடும். அது சரியான மறுப்பு. தலைவியின் நோய்க்கு மருந்து தலைவனே. வரைவோடு அது தீர்ந்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு அத்தகைய மங்கல முடிவு வாய்ப்பதில்லை. திருமணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை எத்தனை இணையரை அழித்திருக்கிறது என்பதை மனநல மருத்துவர்கள் அறிவர். அகப்பாடல்களை மருத்துவ ஆவணங்களாகக் கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. துயரின் காரணம் வேறாயினும், மறைத்தல், ஐயுறல், அலர், வெளிப்படுத்தல் என்னும் சமூக நடப்பு இரண்டிலும் ஒத்திருக்கிறது.

வேலன் தரும் ஆறுதல்

அகப்பாடல்களில் வெறியாட்டு நகைப்புக்குரியதாக அமைவது வழக்கம். கழங்கு பார்த்து ‘முருகு அணங்கியது’ என்று கூறும் வேலனைத் தோழியும் தலைவியும் எள்ளுவர். உண்மைக் காரணம் அவர்களுக்குத் தெரியும். இதைப் பகுத்தறிவின் வெற்றியாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால் தாயின் நோக்கில் வெறியாட்டு ஒரு பெரும் நன்மையைச் செய்கிறது. நோய்க்குக் காரணம் தெய்வம் என்றால் மகள்மேல் பழி இல்லை. வளர்ப்பின்மேலும் பழி இல்லை. அணங்குற்றவள் இளிவரலுக்கு உரியவள் அல்லள்.

குணசீலத்திற்கும் ஏர்வாடிக்கும் குடும்பங்கள் செல்வதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவோர் இந்த ஆறுதலைக் காணத் தவறுகின்றனர். மருத்துவமனைச் சீட்டு ‘மனநோயர்’ என்று எழுதுகிறது. கோயில் அப்படி எழுதுவதில்லை. ஆனால் ஆறுதலுக்குக் கொடுத்த விலையையும் மறக்க இயலாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தப்ப வழியின்றி மடிந்தனர். பழியற்ற காரணத்தைத் தேடிச் சென்ற இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சங்கிலி. இகழ்ச்சியை ஒழிக்க விரும்பும் மருத்துவமொழி, வேலனை எள்ளுவதோடு நிற்காமல், அவன் தந்த பழியின்மையையும் தன் சொற்களில் தர வேண்டியிருக்கிறது.

2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’ இவ்விரு தரப்பையும் ஒரே அரங்கில் நிறுத்தியது. அதில் மனநல மருத்துவரும் மந்திரவாதியும் கூட்டாகவே நோயைத் தீர்க்கின்றனர். அதே ஆண்டில் வந்த ‘அந்நியன்’ பன்முக ஆளுமையைத் தண்டனை வழங்கும் ஆற்றலாக மாற்றியது. இரு படங்களும் மனநோயைப் பேசத்தகுந்த பொருளாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. பேசப்பட்ட நோய் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனையையும் அவையே வலுப்படுத்தின. மனச்சோர்வில் காட்சி இல்லை. ஒருவர் குளிக்காமல் மூன்று நாள் படுத்திருப்பதை எந்தப் பின்னணி இசையும் உயர்த்திவிட முடியாது.

‘3’: காலம் கடந்த சொல்

ஐஸ்வர்யா ஆர். தனுஷ் இயக்கிய ‘3’ (2012) இளைஞன் ஒருவனின் இருமுனைக் கோளாற்றை மையமாகக் கொண்டது. படம் வருமுன்பே உலகெங்கும் பரவிய ஒரு பாடல், படம் எதைப் பற்றியது என்பதையே மறைத்துவிட்டது ஒரு துயரமான வேடிக்கை. இராமின் இறப்போடு படம் தொடங்குகிறது. ஏன் என்னும் வினாவோடு அவன் மனைவி ஜனனி நிற்கிறாள். பள்ளிப் பருவக் காதல், திருமணம், மகிழ்ச்சி என்று முற்பாதி விரிகிறது. பிற்பாதியில்தான் நோய் தெரியவருகிறது. அதுவும் ஜனனிக்குத் தெரியவருவதில்லை. நண்பன் செந்திலுக்கு மட்டும் தெரியவருகிறது. ஜனனியிடம் சொல்லக்கூடாது என்று இராம் வேண்ட, செந்தில் இசைகிறான்.

செந்தில் நல்ல நண்பன். மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறான், தாக்கப்பட்டும் விலகாதிருக்கிறான். அகமரபின் சொல்லால் கூறினால், வற்புறுத்திக் கேட்டு நோயறிந்த தோழி வரை அவன் வந்துவிட்டான். செவிலியை நோக்கிய அடியை மட்டும் அவன் எடுத்துவைக்கவில்லை. ஜனனியிடம் அவன் முழு உண்மையையும் சொல்வது இராம் இறந்த பிறகு. அறத்தொடு நிற்றல் கையறுநிலையாக மாறிவிடுகிறது. திரைக்கதையின் கட்டமைப்பே இம்மௌனத்தின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. செந்தில் முன்னரே பேசியிருந்தால் பிற்பாதியின் மர்மம் இருந்திராது. நோயை மர்மமாகக் கையாளும் எடுத்துரைப்புக்கு மறைத்தல் தேவைப்படுகிறது. எனவே மறைத்தல் நட்பின் உச்சமாக ஒளியூட்டப்படுகிறது.

இங்கேதான் இப்படத்தின் அழகியல் குறையும் அறக்குறையும் ஒன்றாகின்றன. ஜனனி அறிந்தால் அஞ்சுவாள், விலகுவாள் என்னும் இராமின் எண்ணம் நோயின் பகுதியாக இருக்கலாம். இகழ்ச்சிக்கு அஞ்சும் எவருக்கும் அது இயல்பானதுதான். அவ்வெண்ணம் சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. ஜனனி அறிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பது பார்வையாளர்க்குக் காட்டப்படவே இல்லை. தன் பெற்றோரை எதிர்த்து இராமை மணந்த அதே பெண், நோயைக் கேட்டால் உடைந்துபோவாள் என்று நண்பர் இருவரும் முடிவு செய்துவிடுகின்றனர். படமும் அவர்களோடு சேர்ந்து முடிவு செய்துவிடுகிறது. வீட்டு நாய்க்கு நேரும் கதியும் அடுத்தடுத்த வன்முறைகளும் அம்முடிவுக்குச் சான்றுபோல் அடுக்கப்படுகின்றன. மனநோயர் உடனிருப்போர்க்கு ஆபத்தானவர் என்னும் பழைய அச்சத்தைப் படம் எதிர்க்கவில்லை. அதற்குக் கண்ணீரைச் சேர்த்திருக்கிறது.

செல்வராகவனின் ‘மயக்கம் என்ன’ (2011) இதற்கு மறுதலை. அங்கு மனைவி எல்லாவற்றையும் அறிவாள், அறிந்து பொறுப்பாள். அவளுடைய பொறுமையே மருந்தாகிறது. உடைந்த கலைஞனை மீட்கும் பெண் என்னும் பழைய வார்ப்பு அது. ஒரு படத்தில் பெண்ணுக்குச் சொல்லப்படவில்லை. மற்றொன்றில் பெண்மேல் எல்லாம் சுமத்தப்பட்டது.

ஆத்மாநாமைப் பின்னோக்கி வாசித்தல்

‘ழ’ இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம் 1984இல் தம் 33ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் என்பதும் பதிவான செய்தி. அவர் கவிதைகளை அவருடைய இறப்பிலிருந்து பின்னோக்கி வாசிக்கும் பழக்கம் சிற்றிதழ்ச் சூழலில் வேரூன்றியிருக்கிறது. எந்தக் கவிதையும் முன்னறிவிப்பாகிவிடுகிறது. அவசரநிலைக் காலத்தின் அரசியலோடு உரையாடியவர், எளிய பொருள்களின்மேல் விளையாட்டான அன்பு கொண்டவர், பிறர் கவிதைகளை வெளியிட உழைத்த இதழாளர் என்னும் முகங்கள் அவ்வாசிப்பில் மங்கிப்போகின்றன.

இவ்வாறு வாசிப்பது வேலன் கழங்கு பார்ப்பதற்கு நெருக்கமானது. விடை முன்பே கையில் இருக்கிறது. இதில் ஓர் இடரும் உண்டு. நோய்தான் கவிதையைத் தந்தது என்னும் உட்பொருளை இளம் வாசகர் எளிதில் எடுத்துக்கொள்வர். அப்படி எடுத்துக்கொண்டவருக்குச் சிகிச்சை என்பது கவித்துவத்தை இழப்பதாகத் தோன்றும். சூசன் சாண்டாக் 1978இல் எழுதிய ‘நோய் ஓர் உருவகமாக’ என்னும் நூல், காசநோயை 19ஆம் நூற்றாண்டு நுண்ணுணர்வின் அடையாளமாகக் கொண்டாடியதையும், பின்னர் அவ்விடத்தைப் பித்து எடுத்துக்கொண்டதையும் சுட்டிக்காட்டியது. இகழ்ச்சிக்கு எதிர்ச்சொல் புகழ்ச்சி என்று கருதுவது பிழை. இரண்டும் நோயரிடமிருந்து நோயின் சாதாரணத்தன்மையைப் பறிக்கின்றன.

இச்சிக்கல் செய்தித்துறையிலும் வேறு வடிவில் இருக்கிறது. மாணவர் ஒருவர் இறந்தால் தேர்வு, காதல், திட்டு என ஒற்றைக் காரணம் மறுநாளே தலைப்பாகிவிடுகிறது. தற்கொலைச் செய்திகளை வெளியிடுவது குறித்து இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வழிகாட்டு நெறிகளை ஏற்ற பின்னரும் இப்போக்கு முற்றிலும் மாறவில்லை.

கோபிகிருஷ்ணனின் வார்டு

மனநோயின் சாதாரணத்தன்மையைத் தமிழில் உறுதியாக எழுதியவர் கோபிகிருஷ்ணன் (1945–2003). எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ அவருக்கு முன்னோடியல்லவா என்று கேட்கப்படலாம். செவியில் ஓயாது ஒலிக்கும் குரல்களோடு வாழும் மகாலிங்கத்தின் கதை 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தன் அனுபவத்தை இத்துணைத் துணிவோடு புனைவாக்கியவர் தமிழில் மிகச் சிலரே. ஆனால் அந்நாவல் நோயைத் தெய்வத்திற்கும் தீய ஆற்றலுக்கும் இடையிலான போராக வளர்க்கிறது. பித்தின் பெருமரபு அங்கே துணைக்கு வருகிறது. கோபிகிருஷ்ணனிடம் அப்பெருமரபு இல்லை. இருப்பது வாடகை வீடு, அலுவலகம், மாத்திரை, தேநீர், சிகரெட்டு.

உளவியல் பயின்றவர், சமூகப் பணி நிறுவனங்களை உள்ளிருந்து அறிந்தவர், தாமே மனநலச் சிகிச்சையில் இருந்தவர் என்னும் மூன்று நிலைகளும் அவருடைய எழுத்தில் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ மனநோயர் பலரின் பேச்சுகளால் ஆனது. அதில் கதைத்தலைவன் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போகின்றனர். மர்மம் இல்லை, இடைவேளைத் திருப்பம் இல்லை, குணமாகும் உச்சக்காட்சியும் இல்லை. ‘3’ தன் கட்டமைப்புக்கு மறைத்தலை நம்பியிருந்தது போல, இந்நூல் தன் கட்டமைப்புக்குச் சொல்லலை நம்பியிருக்கிறது. நோய் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அதற்குப் பின் வாசகர் கவனிப்பதற்கு எஞ்சியிருப்பது மனிதர்தாம்.

அவருடைய நடை வறண்டது என்று குறை கூறுவோர் உண்டு. அலுவலகக் கோப்பின் மொழியும் மருத்துவக் குறிப்பின் மொழியும் தன்னெள்ளலும் கலந்த அந்நடையில் உணர்ச்சிப் பெருக்குக்கு இடம் குறைவு. அக்குறைவு வேண்டிச் செய்யப்பட்டதாகவே தோன்றுகிறது. இரக்கம் கோரும் நடை நோயரை இளிவரலுக்கு மிக அருகில் கொண்டு நிறுத்திவிடும். மெய்ப்பாட்டியல் மென்மையையும் இளிவரலின் நிலைக்களனாக வைத்தது இங்கு நினைவுக்கு வரும். தம் மாத்திரையின் பெயரைக் காய்ச்சல் மாத்திரையின் பெயர்போலச் சொல்லிச் செல்லும் ஒரு கதைசொல்லியிடம் வாசகர் இரங்குவதற்கு வாய்ப்பில்லை. கேட்டுக்கொள்வதற்கே வாய்ப்புண்டு.

குறைகளும் இல்லாமலில்லை. பெண்களின் நோய் பெரும்பாலும் ஆண் நோக்கில் பதிவாகிறது. சில இடங்களில் உளவியல் கலைச்சொற்கள் பாத்திரத்தைவிட முந்திக்கொண்டு பேசுகின்றன. இவற்றைவிட, இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. அவருடைய மாந்தர்கள் பெரும்பாலும் வேலைக்குச் சென்றுவிட்டவர்கள், மணமானவர்கள், நடுத்தர வயதினர். சம்பளம் குறைவானாலும் மருத்துவரிடம் தாமே செல்லக்கூடியவர்கள். தந்தையின் பணத்தில் படித்துக்கொண்டு, தந்தைக்குத் தெரியாமல் மருத்துவரிடம் செல்ல வழியில்லாத 19 வயது மாணவி அவ்வார்டில் இல்லை. அவளுக்கு இன்னும் ஒரு கை நடுவே தேவைப்படுகிறது. தலைவியிடமிருந்து தோழிக்கும் தோழியிடமிருந்து செவிலிக்கும் செவிலியிடமிருந்து நற்றாய்க்கும் செய்தி செல்லும் அந்தப் பழைய வரிசையில் கோபிகிருஷ்ணனின் உலகம் கடைசிக் கண்ணிகளை எழுதியிருக்கிறது. விடுதி அறையின் கதவருகே, இரு அச்சங்களோடு நிற்பவளை எழுதியவர் இதுவரை கபிலர்தாம்.